செடி முதலில் செடிதான்: நாடகம் படிக்கத் தொடங்குவோருக்குப் பதினொரு அறிவுரைகள்

அமெரிக்க இலக்கியத்தைப் பாடமாக எடுத்து, முதன்முறையாக ஒரு நவீன நாடகத்தைக் கையில் வைத்திருக்கும் மாணவ மாணவியருக்காக இதை எழுதுகிறேன். குறியீடுகள், பின்புலம், விமர்சனப் பார்வைகள் என்று மூன்று தலைப்புகள் போட்டு, மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து, தேர்வில் தனித்தனியாக இறக்கிவைப்பது நம் கல்லூரிகளில் பழகிப்போன முறை. அப்படிப் படித்தால் மதிப்பெண் வரும், நாடகம் வராது. நாடகத்துக்குள் இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னித்தான் கிடக்கின்றன. ஒரு பொருள் ஏன் மேடையில் இருக்கிறது என்று கேட்டால் அந்தக் காலம் பதில் சொல்லும். அந்தக் காலம் புரிந்தால், விமர்சகர்கள் எதற்காக மோதிக்கொண்டார்கள் என்பதும் விளங்கும்.

பொதுவாகப் பேசினால் மனத்தில் நிற்காது. அதனால் ஒரே நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன்: லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் தி சன்’. 1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி பிராட்வேக்கு வந்த முதல் நாடகம் அது. அப்போது அவருக்கு வயது 28. லாயிட் ரிச்சர்ட்ஸ் இயக்கினார். சிட்னி பாய்ட்டியர் நடித்தார். அந்த ஆண்டே நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் விருதையும் பெற்றது.

கதை இதுதான். சிகாகோவின் தென்பகுதியில் ஒரு நெருக்கடியான வீட்டில் யங்கர் குடும்பம் வசிக்கிறது. உழைத்தே தேய்ந்து இறந்துபோன குடும்பத் தலைவரின் இன்ஷூரன்ஸ் பணம் 10,000 டாலர் வரப்போகிறது. தாய் லீனா அதில் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டி, வெள்ளையர் பகுதியான கிளைபோர்ன் பார்க்கில் வீடு வாங்குகிறாள். மீதியை மகன் வால்டர் லீ மதுக்கடை போடும் ஆசையில் ஒருவனிடம் கொடுத்து ஏமாறுகிறான். அந்தப் பகுதி வெள்ளையர்களின் சார்பில் லிண்ட்னர் என்பவர் வந்து, குடிவராமல் இருந்தால் பணம் தருகிறோம் என்கிறார். பணத்தைப் பறிகொடுத்த வால்டர் அதற்கு ஒப்புக்கொள்ளத் துணிகிறான். கடைசியில் மறுத்துவிடுகிறான். குடும்பம் புது வீட்டுக்குக் கிளம்புகிறது.

இனி அறிவுரைகள்.

1. முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள்.

நாடகம் ஒரே மாலையில் பார்த்து முடிப்பதற்காக எழுதப்பட்டது. நீங்களும் ஒரே அமர்வில் படித்து முடியுங்கள். யாருக்கு என்ன வேண்டும், யார் யாருக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். இரண்டாம் வாசிப்பில் வாய்விட்டுப் படியுங்கள். வால்டர் பேசும்போது அவன் மூச்சு எங்கே வாங்குகிறது என்று உங்கள் தொண்டைக்குத் தெரியவேண்டும். மூன்றாம் வாசிப்பில்தான் பேனா.

2. கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

முதல் மேடையேற்றத்தில் சில காட்சிகள் நீக்கப்பட்டிருந்தன. மகள் பெனீதா தன் தலைமுடியை வெட்டி, நேராக்காத இயல்பான சுருட்டை முடியோடு வந்து நிற்கும் இடம் அவற்றில் ஒன்று. பக்கத்து வீட்டு மிஸஸ் ஜான்சன் வரும் காட்சி இன்னொன்று. வெள்ளையர் பகுதிக்குக் குடிபோன கறுப்பினத்தவர் வீட்டில் குண்டு வெடித்த செய்தியைப் பத்திரிகையோடு கொண்டுவருபவள் அவள்தான். பிற்காலப் பதிப்புகளில் இவை மீண்டும் சேர்க்கப்பட்டன. மிஸஸ் ஜான்சன் இல்லாத பதிப்பைப் படித்தவருக்கு, அந்தக் குடும்பம் எத்தனை பெரிய ஆபத்தை நோக்கிப் போகிறது என்பது மங்கலாகவே தெரியும். ஒரு பழைய விமர்சனத்தைப் படிக்கும்போதும், அதை எழுதியவர் கண்ட நாடகம் எது என்று கேளுங்கள்.

3. மேடைக் குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

வசனத்துக்கு ஓடும் அவசரத்தில் பலர் சாய்வெழுத்தில் இருப்பதை விட்டுவிடுகிறார்கள். ஹான்ஸ்பெரி அந்த அறையை எவ்வளவு நிதானமாக வர்ணிக்கிறார் என்று பாருங்கள். ஒரு காலத்தில் ஆசையோடு தேர்ந்து வாங்கிய நாற்காலிகளும் சோபாவும் இப்போது நைந்து கிடக்கின்றன. கம்பளம் தேய்ந்த இடத்தை மறைக்க மேசையையும் நாற்காலியையும் நகர்த்திப் போட்டிருக்கிறார்கள். வெளிச்சம் வர ஒரே ஒரு சிறிய சன்னல். வால்டரின் பத்து வயது மகன் டிராவிஸ் படுப்பது வரவேற்பறை சோபாவில். குளியலறை வீட்டுக்கு வெளியே, கட்டடத்தின் பொது நடைக்கூடத்தில். அதையும் இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். காலையில் முதல் சண்டையே அதற்காகத்தான் நடக்கிறது.

யாரும் வாய்திறந்து வறுமை பற்றிப் பேசுவதற்கு முன்பே அறை பேசிவிட்டது. அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். தேய்ந்ததை மறைக்க நினைக்கும் கை இன்னும் தோற்றுப்போகாத கை. இந்தக் குடும்பத்தின் தன்மானம் கடைசி அங்கத்தில் திடீரென்று முளைக்கவில்லை. முதல் பக்கத்திலேயே, அந்த மேசை நகர்த்தலிலேயே இருக்கிறது.

4. செடி முதலில் செடிதான்.

லீனா ஒரு தொட்டியில் செடி வளர்க்கிறாள். போதிய வெயில் படாத சன்னலில், இளைத்துப்போன செடி. விடைத்தாள்களில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் வரும்: செடி நம்பிக்கையைக் குறிக்கிறது. தவறில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் செடி செத்துவிடுகிறது.

அதைச் செடியாகவே பின்தொடருங்கள். எந்தக் காட்சியில் வருகிறது, யார் தொடுகிறார்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். முதல் காட்சியில் லீனா எழுந்து வந்ததும் அதைத்தான் பார்க்கிறாள். வீடு மாறும் நாளில் அது உடைந்துவிடாதபடி பக்குவம் செய்கிறாள். பெனீதா அதைப் பார்த்துக் கேலி செய்கிறாள். அதே நாளில் பிள்ளைகள் லீனாவுக்குத் தோட்டக் கருவிகள் பரிசளிக்கிறார்கள். பேரன் தோட்டத்தில் போட்டுக்கொள்ள ஒரு தொப்பி தருகிறான். தோட்டம் என்பது அவளது நெடுநாள் ஆசை. தென்மாநிலத்திலிருந்து கணவனோடு வடக்கே வந்து, ஓராண்டுக்குள் சொந்த வீடு வாங்கிக் கொல்லையில் தோட்டம் போடலாம் என்று எண்ணியிருந்தவள் அவள். அந்த ஓராண்டு ஒரு வாழ்நாளாக நீண்டுவிட்டது.

இப்போது மீண்டும் செடிக்கு வாருங்கள். அது வராமல்போன தோட்டத்தின் மிச்சம். வெளிச்சம் போதாத இடத்தில் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயின் அன்றாட வேலை. பிள்ளைகள் கேலி செய்தாலும் விட்டுக்கொடுக்காத பிடிவாதம். இத்தனையும் அந்தச் செடி செடியாக இருந்ததால் கிடைத்தவை. குறியீடு ஆசிரியர் ஒட்டிய சீட்டு இல்லை. ஒரு பொருள் பல கைகளில் புழங்கிப் புழங்கிச் சேர்த்துக்கொண்ட அர்த்தம்.

சின்னப் பொருளையும் விடாதீர்கள். முதல் காட்சியில் ரூத் தன் கணவன் வால்டரிடம் முட்டை எப்படி வேண்டும் என்று கேட்கிறாள். கிளற வேண்டாம் என்கிறான். அவள் கிளறித்தான் போடுகிறாள். அவன் தன் கனவைக் கொட்டும்போது, சாப்பிடு என்கிறாள். அந்தத் தட்டில் ஒரு திருமணத்தின் களைப்பு முழுவதும் இருக்கிறது.

5. பணத்தைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

இலக்கிய மாணவர்கள் எண்களைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். இந்த நாடகத்தில் எண்கள்தான் கதையை நடத்துகின்றன. 10,000 டாலர் வருகிறது. 3,500 வீட்டுக்கு முன்பணம். மீதி 6,500 வால்டர் கையில். அதில் 3,000 பெனீதாவின் மருத்துவப் படிப்புக்காக வங்கியில் போட வேண்டியது. அவன் அதைப் போடவில்லை. மதுக்கடையின் விலை 75,000, தொடக்க முதலீடு 30,000, மூன்று பங்காளிகள். அதாவது வால்டரின் கனவுக்கு முழுப் பத்தாயிரமும் வேண்டும். ஒருவர் கனவு நிறைவேறினால் மற்றவர் கனவுக்கு இடமில்லை என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

இந்தக் கணக்கு தெரிந்தால் காசோலை என்ற குறியீடும் தெரியும். லீனாவுக்கு அது வீடு, வால்டருக்குக் கடை, பெனீதாவுக்குப் படிப்பு. ரூத்துக்கோ வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பெற்றுக்கொள்ளலாமா என்ற கேள்வி. அதைக் கலைக்க ஐந்து டாலர் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். எல்லாவற்றுக்கும் அடியில், அந்தக் காசோலை ஒரு மனிதனின் உயிருக்குக் கிடைத்த விலை. பணம் தொலைந்தபோது வால்டர் கதறுவது ஏன் அவ்வளவு பயங்கரமாக இருக்கிறது என்றால், தந்தை இன்னொரு முறை இறக்கிறார்.

6. பின்புலத்தைத் தேடும்போது சட்டப் புத்தகம் வரை போங்கள்.

நிறவெறி நிலவிய காலம் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்வது பின்புலம் ஆகாது. சிகாகோவில் கறுப்பினத்தவர் ஏன் அந்த நெரிசலில் அடைபட்டுக் கிடந்தார்கள் என்று கேளுங்கள். வெள்ளையர் பகுதிகளில் வீட்டு உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து, கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். மீறினால் நீதிமன்றம் வரும். வழியில்லாத மக்கள் ஒரே பகுதியில் அடைபட, அங்கே ஒரு வீட்டைப் பல துண்டுகளாக்கி வாடகைக்கு விட்டார்கள். குளியலறையைப் பகிர்ந்துகொள்ளும் யங்கர் வீடு அப்படிப்பட்ட ஒரு துண்டு.

ஹான்ஸ்பெரியின் தந்தை கார்ல் 1937-இல் இப்படி ஒப்பந்தம் இருந்த பகுதியில் வீடு வாங்கினார். கும்பல் கூடியது, வீட்டுக்குள் எறியப்பட்ட கல் சிறுமி லொரெய்னின் தலைக்குத் தப்பியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1940-இல் ஹான்ஸ்பெரி குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ந்தது. இங்கே கவனம் வேண்டும். அந்தத் தீர்ப்பு இத்தகைய ஒப்பந்தங்களை ஒழித்தது என்று பல குறிப்பேடுகளில் இருக்கும், அது பிழை. ஒப்பந்தம் செல்லும் என்று முன்பு வேறொரு வழக்கில் வந்த தீர்ப்பு, அந்த வழக்கில் தரப்பினராகவே இல்லாத ஹான்ஸ்பெரியைக் கட்டுப்படுத்தாது என்று மட்டும்தான் 1940 தீர்ப்பு சொன்னது. இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948-இல், ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில்தான் வந்தது.

1948 என்ற அந்த ஆண்டு உங்களுக்கு ஏன் வேண்டும்? லிண்ட்னருக்காக. அவர் ஏன் நீதிமன்ற உத்தரவோடு வராமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் பேசிக்கொண்டு, பணத்தோடு வருகிறார்? சட்டம் அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. இனி மீதி இருப்பவை இரண்டுதான்: பணமும் வன்முறையும். அவர் முதலாவதைக் கொண்டுவருகிறார். இரண்டாவது அவர் பேச்சின் அடியில் நிற்கிறது. ஒரு சட்ட ஆண்டு ஒரு பாத்திரத்தின் குரலையே விளக்கிவிடுகிறது. இதைத்தான் பின்புலம் என்கிறேன்.

7. நாடகத்தின் ஒரு வரியையாவது விளக்காத செய்தியைச் சேர்க்காதீர்கள்.

படித்ததையெல்லாம் கொட்டும் ஆசை எல்லாருக்கும் வரும். அடக்குங்கள். கானா 1957-இல் விடுதலை பெற்றது, நைஜீரியா 1960-இல் பெற்றது என்பவை தம்மளவில் வெறும் தேதிகள். நைஜீரிய மாணவன் அசகாய், பணம் போய் நொறுங்கிக் கிடக்கும் பெனீதாவிடம், தன் நாட்டின் விடுதலைக்காகத் தான் எதையும் எதிர்கொள்ளத் தயார் என்று பேசும் காட்சியோடு சேர்த்தால் அவை உயிர்பெறும். நாடகம் மேடையேறியபோது நைஜீரியா இன்னும் பிரிட்டன் வசம்தான் இருந்தது. அசகாயின் நம்பிக்கை நிறைவேறுமா என்று அரங்கில் இருந்த யாருக்கும் தெரியாது. பெனீதா முடியை மாற்றுவதும், ஆப்பிரிக்க உடை உடுத்திப் பார்ப்பதும் வெறும் மோகம் போலத் தெரியும் இடங்கள். அந்தக் காலத்தோடு படித்தால், தான் எந்த மண்ணோடு சேர்ந்தவள் என்ற கேள்வியை உடம்பிலேயே கேட்டுப் பார்க்கும் இளம்பெண் தெரிவாள்.

8. ஆசிரியரின் வாழ்க்கையை நாடகத்தின் மீது அப்படியே போர்த்தாதீர்கள்.

ஹான்ஸ்பெரி ஏழைக் குடும்பத்துப் பெண் இல்லை. அவர் தந்தை வீடுகளைச் சிறு பகுதிகளாக்கி வாடகைக்கு விட்டுப் பொருள் சேர்த்தவர். யங்கர் குடும்பம் அப்படிப்பட்டவர்களுக்கு வாடகை கொடுக்கும் உழைப்பாளிக் குடும்பம்: வால்டர் ஒரு வெள்ளைக்காரருக்குக் கார் ஓட்டுகிறான், ரூத் வீட்டுவேலை செய்கிறாள். தன் வாழ்க்கையின் கல்லெறியை எடுத்து, தன் வர்க்கத்தைச் சேராத மனிதர்களிடம் அவர் ஏன் கொடுத்தார் என்பது நல்ல கேள்வி. 1950களின் தொடக்கத்தில் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன் நடத்திய ‘ஃப்ரீடம்’ என்ற இடதுசாரிப் பத்திரிகையில் அவர் வேலை செய்தார் என்பதை நினைவில் வைத்து விடை தேடுங்கள்.

9. விமர்சகரைப் படிக்கும்போது ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1959-இல் வெள்ளையர் விமர்சகர்கள் பலர் இதை மனமாரப் பாராட்டினார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும் கதை என்றார்கள். அந்தப் பாராட்டு நாடகத்தின் கூர்மையை மழுக்கவும் செய்தது. குறிப்பான ஒன்றை உண்மையாகப் பார்த்தால்தான் அது எல்லாருக்கும் உரியதாகும் என்பது ஹான்ஸ்பெரியின் நிலை. இவர்கள் கறுப்பினத்தவர் மட்டுமல்ல, சிகாகோவின் தென்பகுதியைச் சேர்ந்தவர்கள் என்றே அவர் வலியுறுத்தினார். அமெரிக்க உளவுத்துறை இதை வெறும் குடும்பக் கதையாக விட்டுவிடவில்லை. பிராட்வேக்கு வருமுன் பிலடெல்பியாவில் நடந்தபோதே பார்த்து அறிக்கை எழுதியது.

1967-இல் ஹெரால்ட் குரூஸ் என்ற கறுப்பினச் சிந்தனையாளர், நடுத்தர வர்க்கத்து ஆசைகளை உழைக்கும் குடும்பத்தின் மீது ஏற்றிய நாடகம் என்று கடுமையாகத் தாக்கினார். கறுப்பினக் கவிஞர் அமீரி பராக்காவும் முதலில் அந்த மாதிரியான எண்ணத்தில்தான் இருந்தார். 1980களில் அவர் தன் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டு, தன் மக்களின் போராட்டத்தின் நடுவிலிருந்து எழுந்த நாடகம் இது என்று எழுதினார். பெண்ணிய வாசிப்புகள் வேறு இடங்களைத் தொட்டன: லீனா குடும்பத் தலைமையை மகனிடம் ஒப்படைப்பதில் என்ன இழக்கப்படுகிறது, பெனீதாவின் குரல் ஏன் சிரிப்புக்குள் தள்ளப்படுகிறது என்று கேட்டன. 2010-இல் புரூஸ் நோரிஸ், யங்கர் குடும்பம் வாங்கிய அதே வீட்டை வைத்து ‘கிளைபோர்ன் பார்க்’ என்ற நாடகமே எழுதினார். அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இவர்களை வரிசையாக மேற்கோள் காட்டினால் அது தொகுப்பு, விமர்சனம் ஆகாது. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: நீங்கள் எந்தக் காட்சியின் மீது காலூன்றி நிற்கிறீர்கள்? குரூஸ் வீடு வாங்கும் ஆசையின் மீது நிற்கிறார். அவருக்கு மறுப்புச் சொல்ல விரும்பினால் மூன்றாவது அறிவுரைக்குப் போங்கள். அந்த அறையைக் காட்டுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் படுக்க ஓர் அறை வேண்டும் என்பது நடுத்தர வர்க்கத்து ஆடம்பரமா என்று கேளுங்கள்.

10. முடிவை இனிய முடிவு என்று எழுதிவிடாதீர்கள்.

குடும்பம் கிளம்புகிறது, திரை விழுகிறது, கைதட்டல் எழுகிறது. ஆனால் அவர்கள் எங்கே போகிறார்கள்? 1951-இல் சிகாகோவை ஒட்டிய சிசரோவில் ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவர முயன்றபோது, ஆயிரக்கணக்கான வெள்ளையர் திரண்டு கட்டடத்தையே சூறையாடினார்கள். தேசியக் காவல்படை வரவேண்டியிருந்தது. நாடகம் முடியும் இடத்தில் அந்த ஆபத்து தொடங்குகிறது. ஹான்ஸ்பெரியே இதை மகிழ்ச்சியான முடிவு என்றவர்களுக்கு அழுத்தமான மறுப்புச் சொன்னார். நாடகத்தின் பெயர் லாங்ஸ்டன் ஹியூஸின் ‘ஹார்லம்’ கவிதையிலிருந்து வந்தது; அது தள்ளிப்போடப்பட்ட கனவு என்னவாகும் என்று கேட்கும் கவிதை. அந்தக் கேள்வியை நாடகம் முடித்துவைக்கவில்லை என்பதை உங்கள் கட்டுரை காட்டவேண்டும்.

முடிவில் வெற்றி உண்டு. அது வேறு இடத்தில் இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொள்வேன் என்று நிற்கும் வால்டரிடம், உன் மகன் பார்க்கட்டும் என்று டிராவிஸை அங்கேயே நிறுத்துகிறாள் லீனா. அந்தப் பையனின் கண்முன்னால் வால்டரால் பணத்தை வாங்க முடியவில்லை. ஹான்ஸ்பெரி தன் வால்டரை, ஆர்தர் மில்லரின் 1949 நாடகமான ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாயகன் வில்லி லோமனோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். இரண்டு தந்தையர், இரண்டு கனவுகள். ஒருவன் இன்ஷூரன்ஸ் பணத்துக்காகச் சாகிறான்; இன்னொருவன் இன்ஷூரன்ஸ் பணம் போன பிறகு வாழத் தொடங்குகிறான். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

11. எழுதும்போது சிறிய இடத்தில் ஆழமாகத் தோண்டுங்கள்.

நாடகத்தில் உள்ள எல்லாக் குறியீடுகளையும் அடக்கிய கட்டுரை எதையும் சொல்லாது. ஒரு பொருள், ஒரு காட்சி, ஒரு கேள்வி போதும். லிண்ட்னரின் தொப்பியைப் பற்றி மூன்று பக்கம் எழுத முடியும். ‘குறிக்கிறது’ என்று எழுதத் தோன்றும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, அந்தப் பொருள் காட்சியில் என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள்.

சாதியோ மதமோ கேட்டு வாடகைக்கு வீடு மறுக்கப்பட்ட அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். அது உங்களை இந்த நாடகத்துக்குள் மற்றவரைவிட வேகமாக அழைத்துப்போகும். அந்த உணர்வோடு உள்ளே போங்கள். போனபின் சிகாகோவின் சட்டத்தையும் தெருவையும் அதன் சொந்த முகத்தோடு பாருங்கள். இரண்டும் ஒன்றே என்று எழுதிவிட்டால் இரண்டுக்கும் நியாயம் செய்யாதவர் ஆவீர்கள்.

கட்டுரையை முடிக்குமுன் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கடைசி லிண்ட்னர் காட்சியை வகுப்பறையில் நடித்துப் பாருங்கள். டிராவிஸாக ஒருவரைக் கட்டாயம் நிறுத்துங்கள். அவருக்கு வசனம் ஏதும் இருக்காது. ஆனால் அவர் நிற்கும்போது வால்டராக நடிப்பவரின் குரல் மாறும். புத்தகத்தில் பலமுறை படித்தும் பிடிபடாத ஒன்று அப்போது பிடிபடும். அதை எழுதுங்கள். ஹான்ஸ்பெரி 34 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். இந்த நாடகத்தை உண்மையாக வாசிக்கும் பொறுப்பு நம்முடையது. அதில் உங்கள் பங்கு உங்கள் சொந்தக் கண்ணால் கண்டதாக இருக்கட்டும்.